குப்பையும் குலையும்: கோல லங்காட் வழியே ஒரு நாள்

கிள்ளானிலிருந்து தெற்கே இறங்கும் கூட்டரசுச் சாலை 5-ஐ யாரும் சுற்றுலாவுக்கென்று தேர்ந்தெடுப்பதில்லை. முன்னும் பின்னும் கொள்கலன் லாரிகள் உறுமும். ஒரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள், மறுபக்கம் செம்பனை. இடையிடையே டயர் கடை, மாரியம்மன் கோயில், சூராவ், சீனக் கோயில், டுரியான் காலத்தில் மட்டும் முளைக்கும் கொட்டகைகள். தெலுக் பங்லிமா காராங், ஜென்ஜாரோம், பந்திங் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மோரிப்பில்தான் சாலை கடலை எட்டிப் பார்க்கிறது. மொத்தம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

அந்த ஒரு மணி நேரச் சாலையில் நான் ஒரு முழு நாளைச் செலவழித்தேன். உலகெங்கும் வேதியியலாளர்கள் இன்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கழிவுகள் இந்த ஒரே சாலையோரம் கிடக்கின்றன. ஒன்று நெகிழி. மற்றொன்று, செம்பனையில் எண்ணெய் எடுத்த பிறகு எஞ்சும் மிச்சம். இவ்விரண்டையும் மின்சாரத்தின் துணையோடு விலை போகும் வேதிப்பொருள்களாக மாற்றலாம் என்கிறது மின்வேதியியல்.

காலை நிகழ்ச்சியில் இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். வானொலியில் அதுதான் வசதி. ஆனால் என் சித்தி குடும்பம் ஜென்ஜாரோமில் இருக்கிறது. சித்தி மகள், என் தங்கை, பல்கலைக்கழகத்தில் வேதியியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். அவளுடைய ஆய்வுத் திட்டமே இதுதான். பட்டம் முடிந்ததும் இதே துறையில் மேலே படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சித்தி ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் ஊரைப் பார்க்கத்தான் புறப்பட்டேன். தங்கை வழிகாட்டி. சித்தப்பாவின் பழைய சாகாதான் வாகனம்.

கட்டிக் கொடுத்த தே

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஜாலான் தெங்கு கிளானாவில், தோசை சாப்பிட்டுப் பசியாறினோம். புறப்படும்போது சித்தப்பா வழக்கம்போல தேநீரைக் கட்டி வாங்கிக்கொண்டார். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெகிழிப் பையில் தே தாரிக், வாயைச் சுற்றி ராஃபியா கயிறு, நடுவில் ஒரு உறிஞ்சுகுழாய். என் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"அக்கா, உன் கையில இருக்கிறதும் அப்பா கையில இருக்கிறதும் ரெண்டுமே பிளாஸ்டிக்தான். ஆனா ரெண்டும் வேற வேற ஜாதி" என்றாள் தங்கை.

தண்ணீர் பாட்டில் 'பெட்' என்ற வகை நெகிழி. அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள, மல்லியும் கனகாம்பரமும் மாறி மாறித் தொடுத்த பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூ டெரிப்தாலிக் அமிலம், அடுத்த பூ எத்திலீன் கிளைக்கால். இரண்டுக்கும் இடையில் ஒரு முடிச்சு. காரம் கலந்த சூடான நீரில் போட்டால் அந்த முடிச்சுகள் அவிழ்ந்து, சரம் மறுபடி உதிரிப் பூவாகிவிடும். ஒரு கிலோ பெட் முழுவதும் அவிழ்ந்தால் சுமார் 865 கிராம் டெரிப்தாலிக் அமிலமும் 320 கிராம் எத்திலீன் கிளைக்காலும் கிடைக்கும். கூட்டினால் ஒரு கிலோவுக்கு மேல் வருகிறதே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முடிச்சு அவிழும்போதும் தண்ணீர் உள்ளே சேர்ந்துகொள்கிறது. அந்த எடைதான் அது.

தேநீர்ப் பையின் கதை வேறு. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போன்ற பை வகைகளில் முடிச்சே கிடையாது. நீளமான கரிம நூல், அவ்வளவுதான். தண்ணீரும் காரமும் அதை ஒன்றும் செய்யாது. நெகிழி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் இப்படிப் பல ஜாதிகள். இந்த வேறுபாடு அன்று நாள் முழுவதும் எங்களோடு பயணம் செய்தது.

கப்பல் கொண்டுவந்தது

தெலுக் பங்லிமா காராங்கை நெருங்கும்போது வலப்பக்கம் பூலாவ் இண்டாவுக்குப் போகும் வழி பிரிகிறது. முன்பு பூலாவ் லுமுட் என்று அழைக்கப்பட்ட அந்தத் தீவில்தான் வெஸ்ட்போர்ட் துறைமுகம் இருக்கிறது. நம் வீட்டுத் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் இந்த வழியாகத்தான் வந்திருக்கும். குப்பையும் இந்தக் கரைக்குத்தான் வந்தது.

2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுகளுக்குக் கதவை அடைத்தது. அதுவரை பணக்கார நாடுகள் கழுவாமல், பிரிக்காமல் கட்டி அனுப்பிய மூட்டைகளுக்குப் புதிய முகவரி தேவைப்பட்டது. துறைமுகம் அருகில், நிலம் மலிவு, சாலை வசதி உண்டு. கோல லங்காட் மாட்டிக்கொண்டது. உரிமம் இல்லாத ஆலைகள் செம்பனைத் தோட்டங்களுக்குள் தகரக் கொட்டகைகளாக முளைத்தன. விலை போகும் நெகிழியை உருக்கி உருண்டைகளாக்கி விற்றார்கள். விலை போகாததை இரவில் கொளுத்தினார்கள். அமலாக்கம் வந்து ஆலைகள் மூடப்பட்ட பிறகு, ஜென்ஜாரோமில் மட்டும் ஏறக்குறைய 17,000 டன் கழிவு அனாதையாகக் கிடந்ததாக 2019 தொடக்கத்தில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அதே ஆண்டு மே மாதம் 3,000 டன் கழிவை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப்போவதாக மலேசிய அரசாங்கம் அறிவித்தது.

சாலையிலிருந்து பார்த்தால் இன்று எதுவும் தெரியாது. சில கொட்டகைகளின் துருப்பிடித்த சட்டங்கள் மட்டும் புதருக்குள் நிற்கின்றன. "அதோ, அந்த வளைவுல ஒண்ணு இருந்துச்சு" என்று சித்தப்பா விரல் நீட்டினார். நான் பார்ப்பதற்குள் லாரி ஒன்று மறைத்துவிட்டது.

கேரி தீவில் எஞ்சுவது என்ன?

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டம் போட்ட வாலண்டைன் கேரி என்ற துரையின் பெயர் இது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. பாலத்தைக் கடந்ததுமே லாரிச் சத்தம் அடங்கி, சாலையின் இருமருங்கும் பச்சைச் சுவர் போல மரங்கள் வருகின்றன. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றைக் கடந்தோம். மரச்சிற்பங்களுக்கும் முகமூடிகளுக்கும் பெயர்பெற்ற மா மெரி பூர்வகுடி மக்களின் கிராமமும் இந்தத் தீவில்தான். வார இறுதியில் நண்டு சாப்பிட வருபவர்களின் கார்கள் வரிசையாக நின்றன.

சித்தப்பா முப்பது ஆண்டுகள் செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஆலை வாசனை காற்றில் வந்ததுமே அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "நூறு கிலோ பழக்குலை உள்ள போனா, எண்ணெய் இருபது கிலோதாம்மா. வெறுங்குலை இருபத்திரண்டு கிலோ. அப்புறம் நார், ஓடு, கழிவுத் தண்ணி."

நாம் எண்ணெய்க்காக வளர்க்கும் மரம், எண்ணெயைவிட அதிகமாக வெறுங்குலையைத் தருகிறது! அந்த வெறுங்குலையில் இருப்பது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்து, அதிலிருந்து எச்எம்எஃப் என்ற இடைப்பொருளை எடுத்து, அதை மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றம் செய்தால் எஃப்டிசிஏ என்ற அமிலம் கிடைக்கும். பெட்ரோலியம் இல்லாமலே பாட்டில் செய்ய உதவும் மூலப்பொருள் அது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கியோங்-ஷின் சோய் குழுவினர் 2015-இல் இதற்கு ஒரு நல்ல மின்வேதியியல் வழியைக் காட்டினார்கள். லிக்னினை உடைத்தால் வெனிலின் கூடக் கிடைக்கும். ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதேதான்.

நான் உற்சாகமாக இதைச் சொல்ல, சித்தப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வெறுங்குலை குப்பைனு யாரும்மா சொன்னது? மரத்தடியில பரப்பினா உரம். பொட்டாஷ் எல்லாம் மண்ணுக்குத் திரும்பப் போகும். நாரையும் ஓட்டையும் எரிச்சுத்தான் எங்க ஆலையே ஓடுச்சு. எல்லாத்தையும் நீங்க கெமிக்கல் ஆக்கிட்டா மண்ணுக்கு என்னா போடுவீங்க?"

தங்கை சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். ஆய்வுக்கட்டுரைகளில் 'கழிவு' என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். தோட்டத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மண்ணுக்கு வேண்டியதுபோக மிஞ்சுவதில்தான் வேதியியல் கை வைக்க வேண்டும். முப்பது ஆண்டு கொதிகலன் அனுபவம் பேசினால், பேராசிரியரும் நின்று கேட்கத்தான் வேண்டும்.

ஒரே மின்சாரம், இரண்டு கூலி

தங்கையின் ஆய்வு வெறுங்குலையில் அல்ல, கிளிசராலில். செம்பனை எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பத்துக் கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ கிளிசரால் துணைப்பொருளாக வெளிவரும். 2019-இல் நம் நாட்டில் வாகனங்களுக்கான டீசலில் பத்து விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கத் தொடங்கினார்கள். பயோடீசல் கூடக் கூட கிளிசராலும் கூடும். சோப்பு, மருந்து, அழகுப்பொருள் தொழில்கள் சுத்தமான கிளிசராலை வாங்கிக்கொள்ளும். அழுக்குக் கிளிசராலுக்கு விலை குறைவு.

கேரி தீவில் ஒரு மர நிழலில் காரை நிறுத்தி, தன் ஆய்வகக் கலத்தை அவள் மண்ணில் வரைந்து காட்டினாள். ஒரு கண்ணாடிப் பாத்திரம், நடுவே ஒரு மெல்லிய சவ்வு, இருபுறமும் மின்முனைகள். பள்ளியில் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்திய சோதனை நினைவிருக்கிறதா? எதிர்மின்முனையில் ஹைட்ரஜன், நேர்மின்முனையில் ஆக்சிஜன். ஹைட்ரஜன் நாளைய எரிபொருள் என்கிறார்கள். ஆக்சிஜனோ காற்றிலேயே இலவசமாகக் கிடக்கிறது. ஆனால் தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் மின்சாரத்தின் பெரும்பங்கை அந்த ஆக்சிஜன்தான் விழுங்குகிறது. கோட்பாட்டளவிலேயே 1.23 வோல்ட் தேவை. நடைமுறையில் இன்னும் அதிகம்.

"அந்த ஆக்சிஜன் வேலையைத் தண்ணிகிட்ட கொடுக்காம கிளிசரால்கிட்ட கொடுக்கிறோம். அது குறைஞ்ச வோல்ட்டுலயே மசியும். இந்தப் பக்கம் ஹைட்ரஜன் வழக்கம்போல வரும். அந்தப் பக்கம் சும்மா காத்துக்குப் பதிலா விலை போற சாமான் வரும். ஒரே கரண்டுக்கு ரெண்டு கூலி, அக்கா."

கிளிசராலிலிருந்து வருபவற்றில் லாக்டிக் அமிலம் ஒன்று. டைஹைட்ராக்சி அசிட்டோன் இன்னொன்று. வெள்ளைத் தோலை வெயிலில் நிற்காமலே கறுப்பாக்கும் பூச்சுகளில் அதுதான் சேர்கிறது. சிவப்பழகு கிரீம் விளம்பரங்களை வானொலியில் கேட்டுக் கேட்டுச் சலித்த எனக்கு இது பெரிய ஆறுதல். நம் நிறத்துக்கு எங்கேயோ ஒருவர் காசு கொடுக்கிறார்!

பாட்டில் கதையும் இதே வழிதான். பெட் அவிழ்ந்து கிடைத்த எத்திலீன் கிளைக்காலை நேர்மின்முனையில் ஆக்சிஜனேற்றம் செய்தால் ஃபார்மிக் அமிலத்தின் உப்பு கிடைக்கும். சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஹாவ்ஹொங் துவான் குழுவினர் 2021-இல் கோபால்ட், நிக்கல், பாஸ்பரஸ் கலந்த வினையூக்கியைக்கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். பாட்டில் உள்ளே போக, டெரிப்தாலிக் அமிலம், ஃபார்மேட் உப்பு, ஹைட்ரஜன் மூன்றும் வெளியே வந்தன.

ஃபார்மிக் அமிலம் என்று கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நம்ம ஆசிட் இல்ல? பால் உறைய வைக்கிற ஆசிட்!"

ஆமாம், அதேதான். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிவதற்குக் காரணமான அந்த அமிலத்தைத்தான் ரப்பர்த் தோட்டங்களில் மரப்பாலை உறைய வைக்கத் தண்ணீரில் கலந்து ஊற்றினார்கள். தொட்டியில் தயிர்போல உறைந்த பாலை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். என் பாட்டி விடியலுக்கு முன்னே பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர். அந்த ஆசிட் வாடை அவருடைய பழைய சேலைகளில் கடைசிவரை இருந்ததாக அம்மா சொல்வார். பேத்தி ஒருத்தி, மோரிப் கடற்கரையில் எறியப்படும் பாட்டிலிலிருந்து அதே ஆசிட்டை எடுக்கும் வழியைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடும் கனவா என்று கேட்டேன். மின்சாரத்தால் கரிம வேதிப்பொருள் செய்வது புதிதல்ல என்றாள். நைலானுக்கு வேண்டிய அடிப்போநைட்ரைல் என்ற பொருளை மான்சாண்டோ நிறுவனம் 1965-லேயே மின்னாற்பகுப்பில் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வழியைக் கண்டவர் மேனுவல் பெய்சர். கிளிசராலை இவ்வாறு மாற்றும் ஆய்வுகள் நம் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நடந்திருக்கின்றன. "ஆனா சிக்கல் நிறைய. கிளிசரால்ல இருந்து ஒரு சாமான் மட்டும் வராது, ஏழெட்டு கலந்து வரும். அதைப் பிரிக்கிறதுக்குள்ள லாபம் போயிடும். மின்முனையும் கொஞ்ச நேரத்துல களைச்சுப்போயிடும்" என்று அவளே அடுக்கினாள். தன் துறையின் குறையைத் தானே சொல்லத் தெரிந்தவளை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

சித்தியின் மூன்று கேள்விகள்

மதியம் ஜென்ஜாரோம் வந்து சேர்ந்தோம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் சீனப் புத்தாண்டின்போது விளக்குகளால் ஒளிரும் டோங் சென் பௌத்த ஆலயத்தால் தெரியும். 2018-க்குப் பிறகு குப்பையாலும் தெரியும். சித்தி மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு சித்தியே தொடங்கினார். இரவு பத்து மணிக்கு மேல் வாடை வரும். சன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி வைப்பார். காலையில் துணியில் கறுப்பு படிந்திருக்கும். அப்போது வந்த இருமல் குளிர்காற்று பட்டால் இன்னும் வருகிறது. அக்கம்பக்கத்தில் இருமாத வீடு இல்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று ஊரே சேர்ந்து புகார் எழுதிய பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள்.

"அவனுங்களும் 'ரீசைக்கிள்'னுதான் போர்டு மாட்டியிருந்தானுங்க. மதிப்புள்ள பொருள் ஆக்குறோம்னுதான் சொன்னானுங்க. இப்ப இவளும் அதையே சொல்றா" என்றார்.

தங்கை தாழ்ந்த குரலில் பேசினாள். அன்று எரிந்த கழிவில் மின்கம்பி உறை, குழாய் போன்ற பிவிசி வகையும் கலந்திருக்கும். அதில் குளோரின் உண்டு. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் டயாக்சின் நச்சும் வரும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்நீல் குழுவினர், பிவிசியிலிருந்து குளோரினைத் தீயில்லாமல் மின்சாரத்தால் பிரித்தெடுத்து வேறு வேதிப்பொருள் செய்ய முடியும் என்று 2022-இல் காட்டினார்கள். "புகையா உன் நெஞ்சுக்குள்ள போனதை, ஒரு குப்பிக்குள்ள பிடிக்கலாம்மா. அதுக்குத்தான் படிக்கிறேன்."

சித்தி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மூன்று கேள்வி கேட்டார். நான் பேட்டி எடுத்த எந்த நிபுணரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

"உள்ள என்ன சாமான் வரும்? கழிவுத் தண்ணி எங்க போகும்? ராத்திரி வந்து யார் பாப்பா?"

முதல் கேள்விக்குப் பதில் வேதியியலிலேயே இருக்கிறது. பெட் முறைக்குப் பிரிக்கப்பட்ட, சுத்தமான பெட் வேண்டும். தேநீர்ப் பை கலந்தால் பயனில்லை. பிவிசி கலந்தால் தொல்லை. அன்று கப்பலில் வந்ததோ எல்லாம் கலந்த மிச்சம். ஆகவே, 'இப்போது தொழில்நுட்பம் வந்துவிட்டது, குப்பையை அனுப்புங்கள்' என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. நம் வீட்டு பாட்டிலை நாமே பிரித்துக் கொடுத்தால் பயன்படும் தொழில்நுட்பம் இது. அயல்நாட்டு மூட்டையை இறக்குவதற்கு இது சாக்கு ஆகாது. சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. கலப்பட நெகிழிக் கழிவைப் பெறும் நாட்டின் ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாதபடி பாசல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. மலேசியா 2025 ஜூலை முதல் தன் இறக்குமதி விதிகளை மேலும் இறுக்கியது.

இரண்டாம் கேள்விக்குத் தங்கை தயங்கித்தான் பதில் சொன்னாள். காரத்தில் கரைத்த பெட்டிலிருந்து டெரிப்தாலிக் அமிலத்தை மீட்க இன்னொரு அமிலம் ஊற்ற வேண்டும். அப்போது உப்பு நீர் மிஞ்சும். அதைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தாமல் கால்வாயில் விட்டால் அது லங்காட் ஆற்றுக்குத்தான் போகும். அந்த ஆறு மாசடைந்து வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நின்ற நாள்களைச் சிலாங்கூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரமும் அப்படித்தான். கிள்ளானுக்கு வடக்கே காப்பார் மின்நிலையத்தில் நிலக்கரி எரித்து வரும் மின்சாரத்தில் இந்தக் கலத்தை ஓட்டினால், இங்கே மிச்சப்படுத்திய புகை அங்கே போய்விடும். சூரிய ஒளி மின்சாரம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

மூன்றாவது கேள்விக்கு எந்த வேதியியல் புத்தகத்திலும் விடை இல்லை. "அதுக்கு ஊர்க்காரங்கதான் பாக்கணும். அதுவும் வேதியியல் தெரிஞ்ச ஊர்க்காரங்க இருந்தா நல்லது" என்றார் சித்தப்பா, தட்டைக் கழுவிக்கொண்டே. சித்தி அவரை முறைத்தார். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

மோரிப்பில் மாலை

வெயில் தாழ்ந்ததும் நால்வரும் மோரிப் போனோம். பந்திங்கைத் தாண்டினால் சீக்கிரமே கடல் வாடை வந்துவிடும். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் மலாயாவுக்குத் திரும்பி வந்து இறங்கிய கரை இது. வெள்ளை மணல், நீலக் கடல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீர் வற்றினால் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். ஏறுநீர் நேரம் பார்த்துப் போனால் பிள்ளைகள் காலை நனைக்கலாம். சவுக்கு மர நிழல், வாழைப்பழப் பொரியல், பட்டம் விற்பவர், பாய் விரித்து உட்கார்ந்த குடும்பங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதெல்லாம் உண்டு. காலையிலேயே கிளம்பி, கிள்ளானில் பசியாறி, கேரி தீவில் மதிய உணவை முடித்தால் ஒரே நாளில் சுற்றிவிட்டு வரலாம். செம்பனை ஆலைகளை அனுமதி இல்லாமல் பார்க்க முடியாது. தோட்டச் சாலைகளில் லாரிக்கு வழிவிட்டு ஓட்டுங்கள்.

கரையோரம் பாட்டில்கள் கிடந்தன. தங்கை ஒரு பையை எடுத்துக்கொண்டு பொறுக்கத் தொடங்கினாள். அடிப்பக்கம் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருந்தால் பெட். வீட்டிலும் இப்படிப் பார்த்துப் பிரிக்கலாம் என்றாள். அலசி, மூடியைக் கழற்றி, தனியே வைத்தால் போதும். மூடி பெட் அல்ல, வேறு ஜாதி. பாட்டிலோடு சேர்ந்தால் அது கலப்படம். ஒரு பாட்டில் 20 கிராம் என்று வைத்தால் ஐம்பது பாட்டில் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவின் கிளைக்கால் முழுவதும் மாறினால் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஃபார்மிக் அமிலம் வரும். கணக்கு சுலபம். பொறுக்குவதும் கழுவுவதும் பிரிப்பதும்தான் வேலை. அந்த வேலைக்கு எந்த மின்முனையும் வராது.

சித்தி பாயில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்படிப்பு விண்ணப்பம் மாதக் கடைசிக்குள் போக வேண்டும் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. இருட்டுகிற நேரத்தில் அவர் எழுந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மகளிடம் போனார்.

"மூடி வேற ஜாதினு சொன்னியே. அதுக்கு வேற பை கொண்டு வந்திருக்கியா?"

தங்கை இல்லை என்று தலையாட்டினாள். சித்தி, பழம் வாங்கி வந்த பையை உதறிக் காலி செய்து, அவளிடம் நீட்டினார்.